குதைபியாவில் என் தங்கை குடித்த பூத்தேநீர்

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு என் கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டி, குளியலறையில் வைத்துக் கழுவினேன். காய்ந்ததும் மறுபடி கழுவினேன். அப்போதும் மனம் ஒப்பவில்லை. அதை அலுமாரியில் வைத்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கினேன். கோட்டுப் பைகளை வெளியே இழுத்து உதறினேன். சால்வையைத் துவைத்தேன். என் மனுசன் கதவடியில் நின்று பார்த்துவிட்டு, ஷார்ஜாவுக்குப் போகிறாயா, சத்திரசிகிச்சைக்குப் போகிறாயா என்று கேட்டார்.

காரணம் ஒரு பூ.

பெர்ன் நகருக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறேன். ஈரப் போர்வைகளை மெசினிலிருந்து இழுத்து இழுத்து வலது தோள்மூட்டு பழுதாகிவிட்டது. இரவில் அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியாது. மற்றப் பக்கம் படுத்தாலும் தோள் கீழே தொங்கி இழுக்கும். வலிக்கு விழுங்கிய குளிசைகள் வயிற்றைக் கெடுத்தன. இரண்டு வருடத்துக்கு முன் கூட வேலை செய்யும் ரூத் என்ற சுவிஸ்காரி ஒரு சின்னப் பொட்டலம் தந்தாள். சி.பி.டி. பூ. கஞ்சாச் செடியின் பூதான், ஆனால் போதை தரும் சத்து பெயருக்குத்தான் இருக்கும். வேறொரு சத்துதான் கூட. எங்கள் ஊர்ப் பெட்டிக்கடையில் சிகரெட்டுக்குப் பக்கத்தில் வைத்து, சட்டப்படி விற்கிறார்கள்.

இளசுகள் அதைப் புகைக்கிறார்கள். நான் பாலில் போட்டு, ஒரு துண்டு வெண்ணெயும் சேர்த்து, மெல்லிய சூட்டில் காய்ச்சிக் குடிக்கிறேன். வெறும் தண்ணீரில் சத்து இறங்காதாம். என் டாக்டரிடம் சொன்னேன். உறுதியாகச் சொல்ல இன்னும் போதிய சான்று இல்லை, வேறு மருந்து எடுத்தால் எனக்குச் சொல்லாமல் இதைக் குடிக்காதே, குடித்துவிட்டுக் கார் ஓட்டாதே என்றார். முதல் கிழமை வீடு முழுக்க மணத்ததைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் கிழமை ஒருநாள் கண் விழித்தபோது மணிக்கூட்டில் விடிய ஐந்து. பழுதாகிவிட்டதாக்கும் என்று அதைத் தட்டிப் பார்த்தேன். வலி போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அடுத்த அறைக்குள் போய் இருந்துகொண்ட மாதிரி இருந்தது. அது பூவின் வேலையா, என் ஆசையின் வேலையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நித்திரை வந்தது, அவ்வளவுதான்.

வளைகுடா நாடுகளில் இந்த வித்தியாசமெல்லாம் செல்லாது. அங்கே அது கஞ்சா. பையின் மூலையில் ஒரு தூள் ஒட்டியிருந்தாலும் கஞ்சா. அதனால்தான் இந்தக் கழுவல்.

என் தங்கை யோகம் பஹ்ரைனில் ஒரு வீட்டில் பதினொரு வருடமாக வேலைக்கு நிற்கிறாள். அம்மாவின் செத்தவீட்டுக்குப் பிறகு நாங்கள் ஒருவரையொருவர் நேரில் பார்க்கவில்லை. ஒன்பது வருடம். ஒவ்வொரு முறையும் அவளுடைய லீவு ஏதோ காரணத்தால் தள்ளிப்போகும். கடைசியாக முழங்கால் நோகுது அக்கா என்று சொன்னபோது, நீ வராவிட்டால் நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். போகிற வழியில் ஷார்ஜாவில் சிவனேசன் மச்சான் வீட்டில் இரண்டு நாள்.

மச்சான் லொறி ஓட்டுகிறவர். முதுகு அவருக்கும் பழுது. என் பூவைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஒரு கைப்பிடி கொண்டு வாவன் என்று இரண்டு மாதம் முன்பு போனில் கேட்டிருந்தார். ஷார்ஜா விமான நிலையத்தில் என் பெட்டியை வாங்கிக்கொண்டவர், சுகம் விசாரிக்க முதல் குரலைத் தாழ்த்தி, “கொண்டு வரேல்லைத்தானே?” என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் தோள் இரண்டும் இறங்கின. கேட்ட நாளிலிருந்து அவருக்கு நித்திரையே இல்லையாம்.

அவர்கள் குடியிருப்பது ஷார்ஜாவின் ரோலா பகுதியில். ஒரு காசு மாற்றும் கடைக்கு மேலே மூன்றாம் மாடி. கீழே தெரு முழுக்க ஆண்கள் நிற்கிறார்கள். போனில் கதைக்கிறார்கள், வாழைப்பழம் தின்கிறார்கள், யாருக்கோ காத்திருக்கிறார்கள். பெர்னில் இவ்வளவு பேர் ஓரிடத்தில் நின்றால் ஏதோ ஊர்வலம் என்று அர்த்தம். மச்சானின் மனைவி ராதா பிட்டும் கணவாய்க் கறியும் வைத்திருந்தாள். கணவாய் ரப்பர் மாதிரி இல்லாமல், கடித்தவுடன் விட்டது. சுவிஸில் உறைந்த கணவாயோடு முப்பது வருடம் மல்லுக்கட்டியவளுக்கு அது பெரிய விசயம்.

சாப்பிடும்போது ராதா மேல்மாடிக்காரரைப் பற்றிச் சொன்னாள். விடுமுறைக்குப் போய்த் திரும்பி வந்தபோது, முழங்காலுக்குப் பூச என்று யாரோ சிநேகிதர் கொடுத்த எண்ணெய்ப் போத்தல் விமான நிலையத்தில் அவர் பெட்டியில் பிடிபட்டிருக்கிறது. என்ன எண்ணெய் என்று அவருக்கே தெரியாதாம். அதற்குப் பிறகு அவர் அந்த வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. பெண்சாதி சாமான்களைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாளாம். அவருக்குக் கடைசியில் என்ன நடந்தது என்று ராதாவுக்குத் தெரியவில்லை. மச்சான் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டார்.

மறுநாள் தனியாக துபாய் பார்த்து வருகிறேன் என்று கிளம்பினேன். வெளிநாட்டில் முப்பது வருடம் இருந்த துணிச்சல். ரோலாவில் வரிசையாக பஸ் நின்றது. பெர்ன் பழக்கத்தில், கதவு திறந்திருந்த முதல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அரை மணி நேரம் ஓடியும் கடலும் வரவில்லை, உயர்ந்த கட்டடமும் வரவில்லை. இரும்புக் கடைகள், டயர் கடைகள், பிறகு சுவர் சுவராகக் கிடங்குகள். பஸ்ஸில் என்னைத் தவிர ஒரு பெண்ணும் இல்லை.

எனக்கு முன்னால் இடுப்பில் துவாய் ஒன்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி ஒருவர் நின்றார். சீட்டு காலியாக இருந்தும் உட்காரவில்லை. நான் போனில் மச்சானோடு தமிழில் கதைப்பதைக் கேட்டுத் திரும்பினார். “அக்கா, இது சனாயியா போற பஸ்சு. துபாய்க்கு அந்தப் பக்கம் ஏறணும்” என்றார். புதுக்கோட்டைக்காரர், பெயர் பழனிவேல். சனாயியா என்றால் தொழிற்பேட்டை. அவர் தங்கும் தொழிலாளர் கேம்ப் அங்கேதான்.

அவரும் என்னோடு இறங்கினார். திரும்பிப் போகும் பஸ் வர நேரமிருந்ததால், ஒரு மலையாளி டீக்கடையில் கரக் டீ வாங்கித் தந்தார். ஏலக்காய் போட்டுச் சுண்டக் காய்ச்சிய பால் டீ. கடதாசிக் கோப்பையில் சூடு கையைச் சுட்டது. நின்றபடியே குடித்தார். உட்கார்ந்தால் எழும்புவது கஷ்டமாம். கட்டட சைட்டில் கம்பி கட்டுகிற வேலை. நாள் முழுக்கக் குனிந்தே நிற்க வேண்டும். அன்று ரோலாவில் கிளினிக்குக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு திரும்புகிறார். கட்டிலில் படுத்தால் வலி என்று, ரூமில் பிளைவுட் பலகை போட்டுத் தரையில் படுக்கிறாராம். லீவு எடுக்க முடியாதா என்று கேட்டேன்.

“எடுக்கலாம்க்கா. ஒரு நாள் லீவு போட்டா மறுநாளும் அதே கம்பிதானே.”

பிறகு, சுவிஸில் இந்த மாதிரி வலிக்கு என்ன கொடுப்பார்கள் என்று ஆர்வமாகக் கேட்டார். பெரிய நாடு, நல்ல மருந்து இருக்கும் என்று நினைத்திருப்பார். என் வாயில் பதில் இருந்தது. குளிசைதான் தம்பி என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பஸ் வந்ததும் டிரைவரிடம் போய் ஹிந்தியில் என்னவோ சொல்லி, என்னை ரோலாவில் இறக்கிவிடும்படி கேட்டுக்கொண்டார். ஜன்னலால் பார்த்தேன். துவாயை அவிழ்த்து இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு நடந்தார். துபாயை நான் பார்க்கவேயில்லை.

மூன்றாம் நாள் பஹ்ரைன். விமானம் ஏறி ஒரு பெட்டி பிஸ்கட்டை முடிப்பதற்குள் இறங்கிவிட்டது. சோதனை வரிசையில் என்னிடம் ஒன்றுமில்லை என்று தெரிந்தும் கைப்பையை இன்னொரு தரம் துழாவினேன். என் சிவப்பு நிறச் சுவிஸ் கடவுச்சீட்டைப் பார்த்த அதிகாரி சிரித்து, நல்வரவு என்றார். பின்னால் நின்ற இலங்கைப் பெண்ணிடம் அவர் அப்படிச் சிரிக்கவில்லை.

குதைபியாவில் அறை எடுத்திருந்தேன். தலைநகர் மனாமாவின் நடுவே பழைய குடியிருப்பு. தையல்கடை, காய்கறிக்கடை, சலூன், எல்லாவற்றிலும் நம்மவர் முகம். கீழே காய்கறிக் கடைக்காரர் முருங்கைக்காயை ரோஜாப்பூ மாதிரித் தண்ணீர் தெளித்து அடுக்கி வைத்திருந்தார். அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. யோகத்துக்கு லீவு.

அவள் நொண்டி நொண்டி வருவாள் என்று வாசலிலேயே நின்றேன். டாக்சியிலிருந்து இறங்கியவள் நேராக நடந்து வந்தாள். தலை பாதி நரைத்திருந்தது, முகம் மட்டும் தெளிவாக இருந்தது. கட்டிப்பிடித்தபோது என் தோளில் நோவு என்று ஞாபகம் வைத்து, இடது பக்கமாகவே பிடித்தாள். ஒன்பது வருடத்துக்குச் சேர்த்து நாங்கள் இருவரும் கொஞ்சம் அழுதோம். பிறகு பசித்தது.

பக்கத்தில் ஓர் இலங்கைச் சாப்பாட்டுக் கடை. சோறு, பருப்பு, மீன் குழம்பு, தேங்காய்ச் சம்பல். வெள்ளிக்கிழமை என்பதால் மேசை பிடிக்கவே காத்திருக்க வேண்டியிருந்தது. இலங்கை மலையகத்துப் பெண்பிள்ளைகள் ஐந்தாறு பேர் பக்கத்து மேசையில் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்து யாருடைய குழந்தையையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். யோகம் மீனை முள் நீக்கி எனக்கு வைத்தாள், நான் சின்னப் பிள்ளை மாதிரி.

முழங்கால் எப்படி என்று கேட்டேன். இப்ப நல்ல சுகம் என்றாள். ஒரு மாதமாக நல்ல நித்திரையும் வருகிறதாம். அவளுடைய மேடம் கோடையில் சுவிஸுக்குப் போயிருந்தபோது, இன்டர்லாக்கன் பக்கம் ஒரு குளியல் விடுதிக் கடையில் ஏதோ மலைப்பூத் தேநீர் வாங்கி வந்தாராம். மேடத்துக்கும் முதுகு நோவு. தானும் குடித்து, யோகத்துக்கும் ஒரு போத்தலில் போட்டுக் கொடுத்திருக்கிறார். மேடம் வெந்நீரில் குடிக்கிறார். யோகம் பாலில் காய்ச்சுகிறாள்.

பாலில் என்றதும் என் கை சோற்றில் நின்றுவிட்டது.

அவள் அதைக் கவனிக்கவில்லை. கைப்பைக்குள் கையை விட்டு, டிஸ்யூவில் மடித்த பொட்டலம் ஒன்றை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“உங்கட தோளுக்கும் எண்டு கொஞ்சம் கொண்டந்தனான். குடிச்சுப் பாருங்கோ அக்கா, நல்லா நித்திரை வரும்.”

பிரிக்கவே தேவையில்லை. காய்ந்த வைக்கோலும் எலுமிச்சைத் தோலும் சேர்ந்த மணம். மீன் குழம்பு மணத்தையும் தாண்டி வந்தது. என் வீட்டுக் குசினியின் மணம்.

டிஸ்யூவைக் கைக்குள் பொத்தினேன். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். கடையின் பின்பக்கம் ஒரே ஒரு கழிப்பறை. உள்ளே போய்க் கொண்டி போட்டு, பொட்டலத்தைப் பிரித்தேன். மூன்று பூ, பெருவிரல் நுனியளவு. போட்டுத் தண்ணீர் இழுத்தேன். டிஸ்யூ போனது. பூக்கள் சுற்றிச் சுற்றி ஆடிவிட்டு மேலே வந்து மிதந்தன. காய்ந்த பூ மிதக்கும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. தொட்டியில் தண்ணீர் நூல் மாதிரி நிரம்பிக்கொண்டிருந்தது. வெளியே யாரோ தட்டினார்கள். கையை விட்டு அவற்றை எடுத்து, குழாயில் நனைத்து, பிய்த்துப் பிய்த்துத் தூளாக்கினேன். இரண்டாம் தடவை பாதி போனது. மறுபடியும் தட்டினார்கள். மூன்றாம் தடவையோடு எல்லாம் போனது. சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவினேன். கதவைத் திறந்தபோது, அந்த மலையகத்துப் பிள்ளைகளில் ஒருத்தி என் முகத்தைப் பார்த்து, “வயிறு சரியில்லையா அன்ட்டி?” என்று பாவமாகக் கேட்டாள்.

யோகத்தைக் கூட்டிக்கொண்டு பக்கத்துப் பூங்காவுக்குப் போனேன். நிழலில் இருந்த வாங்கு ஒன்றில் உட்கார்ந்து, அது என்ன பூ என்று சொன்னேன். அவள் சிரித்தாள். மேடம் தொழுகிற ஆள், அவவாவது கஞ்சா குடிப்பதாவது என்றாள். அவள் போனில் மேடத்தின் தேநீர்ப் பொதியின் படம் ஒன்று இருந்தது. முன்னால் மலை, மாடு, வெள்ளைப் பூ. மூலையில் பொடி எழுத்தில் ஜெர்மன். பெரிதாக்கிப் படித்தேன். ஹன்ஃப் என்று இருந்தது. அதுதான் ஜெர்மனில் அந்தச் செடியின் பெயர்.

“நானும் ரெண்டு வருசமா இதைத்தான் குடிக்கிறன் யோகம். அங்க சட்டம் விடுது. இங்க விடாது.”

அவள் சிரிப்பு நின்றது. 

“நீங்கள் குடிச்சா மருந்து. நான் குடிச்சாக் குற்றமோ?”

  கோபம் அடங்கிய பிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது. பொதி குசினி அலுமாரியில், ஏலக்காய் டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவளுடைய போத்தல் அவளுடைய அறையில், கட்டிலடியில் இருக்கிறது. யாராவது வந்து கேட்டால் அது யாருடையது? மேடம் கொடுத்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? பேசாமல் கொட்டிவிடு என்றேன். மேடத்தின் சாமானைக் கேட்காமல் கொட்டினால் நான் கள்ளி என்றாள். சொல்லிவிட்டுக் கொட்டு என்றேன். மேடத்தைப் பார்த்து நீங்கள் கஞ்சா வைத்திருக்கிறீர்கள் என்று எந்த வாயால் சொல்வேன், அத்தோடு வேலை போய்விடும் என்றாள். பதினொரு வருடத்தில் அந்த மனுசி தன் மேல் ஒரு தரம்கூடக் கை நீட்டியதில்லை, சாப்பாட்டில் குறை வைத்ததில்லை, தனக்கு வாங்கிய மருந்தில் பாதியைக் கொடுத்தவர் என்றாள். வெயில் சாயும்வரை இதையே திருப்பித் திருப்பிக் கதைத்தோம். கடைசியில், நான் வந்து சொல்கிறேன் என்றேன். ஜெர்மன் படிக்கத் தெரிந்தவள் நான்தானே.

சனிக்கிழமை காலை மேடத்தின் வீடு இருக்கும் ரிஃபாவுக்குப் போனேன். யோகம் கதவைத் திறந்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள். மேடத்துக்கு அறுபது வயதிருக்கும். பாடசாலையில் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். விதவை. பிள்ளைகள் வெளியூரில். நிமிர்ந்து நடந்தார், ஆனால் உட்காரும்போது நாற்காலியின் கையை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக இறங்கினார். அந்த உட்காரலை எனக்குத் தெரியும். கஹ்வா என்ற அரபுக் கோப்பியைத் தானே ஊற்றித் தந்தார். குங்குமப்பூ போட்ட அல்வாவும் வைத்தார். யோகத்தின் அக்கா என்றால் இந்த வீட்டுக்கும் அக்கா என்று ஆங்கிலத்தில் சொன்னார். 

உங்கள் தேநீரைப் பார்க்கலாமா என்று கேட்டேன். யோகம் பொதியைக் கொண்டுவந்தாள். பின்பக்கத்தைக் காட்டி, ஒவ்வொரு சொல்லாக மொழிபெயர்த்தேன். ஹன்ஃப் என்ற சொல்லுக்கு வந்ததும், அரபியில் இதற்கு என்ன சொல்வார்கள் என்று யோகத்திடம் கேட்டேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, மெல்லிய குரலில் அந்தச் சொல்லைச் சொன்னாள்.

மேடம் பொதியை வாங்கித் தூரப் பிடித்துப் பார்த்தார். கடையில் மலைப்பூ, மனதை அமைதிப்படுத்தும் என்றுதான் சொன்னார்கள் என்றார். பிறகு என்னைப் பார்த்து, உனக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்று கேட்டார்.

பொய் சொல்ல நினைத்தேன். ஆஸ்பத்திரியில் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் யோகம் சுவரோடு ஒட்டி நின்றாள்.

“நான் குடிக்கிறேன், மேடம். என் வீட்டில், என் நாட்டுச் சட்டப்படி. தோளுக்காக.”

 மேடம் இரண்டு கேள்வி கேட்டார். இது உடம்பைக் கெடுக்குமா? எனக்குத் தெரிந்தவரை என்னைக் கெடுக்கவில்லை, மற்றதெல்லாம் டாக்டரைத்தான் கேட்க வேண்டும் என்றேன். இதை யாருக்காவது சொன்னாயா? இல்லை என்றேன். அவர் யோகத்தை நிமிர்ந்து பார்த்தார். அரபியில் நீளமாக ஏதோ சொன்னார், கையைத் தன் நெஞ்சில் வைத்தபடி. யோகம் அழத் தொடங்கினாள். என்ன சொன்னார் என்று அப்புறம் கேட்டேன். நான்தான் உனக்குக் கொடுத்தேன், ஆனால் அவர்கள் வந்திருந்தால் முதலில் உன்னைத்தான் கேட்டிருப்பார்கள் என்று சொன்னாராம்.

பிறகு எழுந்தார். யோகத்தின் அறையிலிருந்த போத்தலைக் கொண்டுவரச் சொன்னார். அவள் வழக்கம்போலப் பொதியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போகப் பார்த்தாள். வேண்டாம், நீ இதைத் தொடாதே, குசினிக்குள்ளும் வராதே என்றார். மிதக்கும் என்று நான் சொல்லிக் கொடுத்தேன். அவர் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் விட்டு, எல்லாவற்றையும் ஊறவைத்து, கையால் பிசைந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய்க் கழிப்பறையில் கொட்டினார். நான்கு தடவை போய் வந்தார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. பதினொரு வருடமாகத் தான் ஆண்ட குசினிக்கு வெளியே யோகம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். உறையைக் கத்தரிக்கோலால் வெட்டும்போது மேடம் யாருக்கென்று இல்லாமல் சொன்னார்: ஒரு மாதம் நித்திரை கொண்டேன்.

திரும்ப வந்து உட்கார்ந்ததும், யோகத்துக்கு முழங்கால் எப்போதிருந்து நோகிறது என்று கேட்டார். நாலு வருடம் என்றாள். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டார்.

“சொன்னனான் மேடம். நீங்கள் பூசுறதுக்குத் தைலம் தந்தனீங்கள்.” தமிழில் எனக்குச் சொல்லிவிட்டு, அதையே அரபியில் அவருக்குச் சொன்னாள்.

அவளுடைய அறை மொட்டைமாடியில் இருந்தது. முப்பத்தெட்டுப் படி. அந்த எண்ணிக்கை அவள் வாயிலிருந்து உடனே வந்தது. மேடம் எழுந்து படியடிக்குப் போனார். வேண்டாம் மேடம் என்று யோகம் தடுத்தாள். அவர் கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறினார். நாங்கள் இருவரும் கீழே நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தோம். நெடுநேரம் மேலேயே நின்றார். இறங்கி வந்தபோது முகம் வெளுத்து வேர்த்திருந்தது. கீழே தையல் மெசின் வைத்திருந்த அறையைக் காட்டி, இதை இன்றைக்கே ஒழி, இனி உன் கட்டில் இங்கேதான் என்றார்.

மீதி நாட்கள் அந்த அறையை ஒழிப்பதில் போயின. நானும் ஒற்றைக் கையால் உதவினேன். ஜன்னல் சின்னது, கார் நிறுத்துமிடத்தைப் பார்த்தது. மொட்டைமாடியில் காற்று வரும் என்று யோகம் ஒருமுறை முணுமுணுத்தாள். திங்கட்கிழமை மேடம் அவளை டாக்டரிடம் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுக்க வைத்தார். முழங்கால் எலும்புகளுக்கு நடுவே தேய்ந்துவிட்டதாம். தேகப்பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். மேடமும் யோகமும் கூடத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்து, ஆளுக்கொரு காலை நீட்டி மடக்குவதைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் இரவில் கண் விழிப்பு திரும்பிவிட்டது. காலையில் இரண்டு பேரின் கண்ணும் சிவந்திருந்தது.

புறப்படும் நாளில் விமான நிலையம்வரை யோகம் வந்தாள். காரில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நானும் இனி அந்தப் பூவைக் குடிக்கப் போவதில்லை என்றேன். நீ கண் விழித்துக் கிடக்க நான் மட்டும் நித்திரை கொள்வது சரியில்லை என்று ஏதேதோ சொன்னேன். அழுதும்விட்டேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

“விசர்க்கதை கதையாதேங்கோ. நீங்கள் முழிச்சிருந்தா என்ர கால் சுகமாகுமே? போய்க் குடிச்சிட்டுப் படுங்கோ. எனக்கும் சேத்து நித்திரை கொள்ளுங்கோ.”

பெர்னுக்கு வந்த அன்று மழை. பெட்டியைத் திறக்காமலே பாலை அடுப்பில் வைத்தேன். பூவைப் போட்டு, வெண்ணெயும் போட்டு, கால் மணி நேரம் கிண்டிக்கொண்டு நின்றேன். அவளை நினைத்துக்கொண்டுதான் குடித்தேன். வலது தோள் மேலே இருக்கும்படி தலையணையைக் கட்டிப்பிடித்துப் படுத்தேன். கண் விழித்தபோது நன்றாக விடிந்திருந்தது. வேலைக்கு ஒரு மணி நேரம் பிந்திப் போனேன்.